குற்றாலம் போற வண்டிக்கு எதுக்கு ஏசி?

ஆனி பிறந்துட்டா எங்க வீட்டுல முதல் கேள்வி, "சாரல் விழ ஆரம்பிச்சிட்டாமா?" என்பதுதான். தென்காசியில் இருக்கும் சித்திக்கு போன் போகும். பேரருவியில் தண்ணி ஆர்ச்சைத் தாண்டி விழுதா, ஐந்தருவியில் அஞ்சும் விழுதா இல்ல மூணுதானா, பழைய குற்றாலத்துல கூட்டம் எப்படி... விசாரணைக் கமிஷன் மாதிரி எல்லாம் கேட்டு முடிச்சிட்டு, அடுத்த சனிக்கிழமை மதுரையில இருந்து வண்டி கிளம்பிரும்.

வண்டின்னா சாதாரண வண்டி இல்லை மக்களே, பழைய டூரிஸ்ட் வேன். அப்பா 1997-ல் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. பின் சீட்டையெல்லாம் கழட்டிட்டு குறுக்கே ஒரு மரக் கட்டில், அதுக்கு அடியில பாத்திரப் பெட்டி, ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், தண்ணி கேன் ரெண்டு, ஜன்னலுக்கு அம்மாவோட பழைய சேலையில் திரை. வெளிநாட்டுல இதுக்கு 'கேம்பர் வேன்'னு பேர் வச்சு லட்சக்கணக்குல விக்கிறாங்க. எங்களுக்கு அது லாட்ஜ் வாடகையிலேருந்து தப்பிக்கிற வண்டி, அவ்வளவுதான். சீசன்ல குற்றாலத்தில் ரூம் தேடி அலைஞ்சவங்களுக்கு இதோட அருமை புரியும்.

அந்த வண்டியில் ஏசியும் உண்டு. முன்னால் வைத்திருந்தவர் வெளியே கொடுத்து மாட்டினது. அம்மா ஒவ்வொரு வருசமும் கேப்பா: "குற்றாலத்துக்குப் போற வண்டிக்கு எதுக்குலே ஏசி? அங்க இல்லாத குளிர்ச்சியா?"

நியாயமான கேள்விதான். குற்றாலத்துல ஏசி வேண்டாம். ஆனா குற்றாலம் போய்ச் சேரணுமே! ராஜபாளையம், வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர்னு நீளுற அந்த ரோட்டுல, மேற்கே மலை மேல மேகம் கருகருன்னு உக்காந்திருக்கும். நம்ம தலை மேல வெயில் பொரியும்.

2004 சீசன்ல அப்படித்தான் ஆச்சு. மத்தியானம் ஒரு மணி. புளியங்குடி தாண்டினதும் ஏசியில் வந்த காத்து மெல்ல வெதுவெதுப்பாச்சு. கொஞ்ச நேரத்துல ஹீட் முள் சிவப்பைத் தொட்டுது. ஏசியை அணைச்சேன், முள் இறங்குச்சு. மறுபடி போட்டேன், ஏறிருச்சு. பின்னால கட்டில்ல படுத்திருந்த அம்மாகிட்ட இருந்து சத்தத்தையே காணோம். திரும்பிப் பாத்தா முகமெல்லாம் வெளிறி வேர்த்துக் கொட்டுது. அப்போ அவளுக்கு வயசு 68, பிரஷர் வேற. புளியமரத்தடியில வண்டியை ஓரங்கட்டி, ஈரத்துண்டு போட்டு, சோடா வாங்கிக் கொடுத்து, அவ கண்ணைத் திறந்து "என்னலே பேயறைஞ்ச மாதிரி நிக்க?"ன்னு கேக்குற வரைக்கும் எனக்கு உசிரு இல்லை. அந்த வருசம் சித்திரையிலதான் ஊர்ல ஒரு கடையில 'கேஸ் கம்மி சார்'னு சொல்லி ஏசிக்கு கேஸ் ஏத்தியிருந்தாங்க. அதுக்கு முந்தின வருசமும். அதுக்கும் முந்தின வருசமும்.

ஏசியை அணைச்சுட்டு, ஜன்னலையெல்லாம் திறந்துபோட்டு, உருட்டிக்கிட்டே தென்காசி போய்ச் சேர்ந்தோம். அங்கே ஒரு வயசான மெக்கானிக். பேர் வேண்டாம், அண்ணாச்சின்னே வச்சுப்போம். நான் போன உடனே, "அண்ணாச்சி, கேஸ் தீர்ந்திருச்சு போல"ன்னேன். அவர் பீடியைக் கீழே போட்டுட்டுச் சொன்னார்:

"கேஸை விடுங்க தம்பி. மொதல்ல காத்து. பொறவு தண்ணி. பொறவு பெல்ட்டு. இதெல்லாம் சரியா இருந்தும் குளிரலன்னாத்தான் கேஸு. நீங்க பின்னால இருந்து முன்னால வாரீக."

அன்னிக்கு அது சாதாரண ஒர்க் ஷாப் பேச்சாத்தான் பட்டுது. அப்புறம் ஏசி எப்படி வந்துச்சு, ரேடியேட்டர் எப்படி வந்துச்சுன்னு படிக்க ஆரம்பிச்சப்பதான் உறைச்சுது. மனுசன் குளிர்ச்சியைத் தேடின வரிசையும் அதேதான். முதல்ல காத்து, அப்புறம் தண்ணி, அப்புறம் மெஷின், கடைசியா கேஸ். அண்ணாச்சி வரிசையில் ஐஸ் ஒண்ணுதான் விட்டுப்போச்சு, அதுக்கும் வருவோம்.

காத்துல இருந்து ஆரம்பிப்போம். அதுக்குத் தென்காசியை விட்டா வேற ஊர் கிடையாது. 15-ஆம் நூற்றாண்டுல பராக்கிரம பாண்டியன் கட்டின காசி விஸ்வநாதர் கோயில். பல காலம் மொட்டையாக நின்ற அதன் ராஜகோபுரத்தை ஒன்பது நிலையாக எழுப்பி 1990-ல் குடமுழுக்கு செஞ்சாங்க. கிழக்கே பார்த்த அந்தக் கோபுர வாசலில் சீசன்ல நுழைஞ்சு பாருங்க. எதிர்க்காத்து முகத்துல அறையும். வேட்டியைப் பிடிச்சுக்கணும். கொஞ்ச தூரம் உள்ளே போனதும் பின்னால இருந்து யாரோ தள்ளுற மாதிரி இருக்கும்னு ஊர்க்காரங்க சொல்வாங்க. எனக்கு முதல் பாதி நிச்சயமா அனுபவம். ரெண்டாவது பாதி அன்னன்னைக்கு காத்தைப் பொறுத்தது :-)

அந்தக் காத்து வர்ற வழி ஆரியங்காவு கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலை இந்த இடத்துல கொஞ்சம் தாழ்ந்து வழிவிடுது. தென்மேற்குப் பருவக்காத்து கேரளத்துப் பக்கம் மழையைக் கொட்டிட்டு, மிச்ச ஈரத்தோட இந்த வாசல் வழியா செங்கோட்டை, தென்காசிப் பக்கம் பாயுது. மலையைத் தாண்டி வழியுற மேகம் சாரலாச் சிதறும். அதுல பாதி தரையைத் தொடுறதுக்குள்ளயே ஆவியாகி, காத்தோட சூட்டை உறிஞ்சிரும். அதனாலதான் ஊட்டி, கொடைக்கானல் மாதிரி இரண்டாயிரம் மீட்டருக்கு மேல ஏறாம, கடல் மட்டத்துல இருந்து சுமார் 160 மீட்டர் உயரத்துலயே குற்றாலம் குளிருது. கம்பெனி காலத்துல இங்கே கிராம்பும் ஜாதிக்காயும் போட்டுத் தோட்டம் வளர்த்தாங்க. திருநெல்வேலி, பாளையங்கோட்டை வெள்ளைக்கார அதிகாரிங்க சீசனுக்கு இங்கே பங்களாவில் வந்து தங்கினாங்க. மலை ஏறாம கிடைக்கிற மலைவாசஸ்தலம்னா யாருக்குத்தான் கசக்கும்?

நம்ம சனம் அதுக்கு வந்தது மாட்டு வண்டியில். நம்ம ஊர் கேம்பர் வேன் எதுன்னு என்னைக் கேட்டா, கூண்டு வண்டிதான். உள்ளே வைக்கோல் பரப்பி மேல ஜமுக்காளம், அடியில தொங்குற அரிக்கன் விளக்கு, பின்னால கட்டின சாமான் மூட்டை. மூங்கில் பாய் வளைச்ச கூண்டு வெயிலை மறைக்கும், முன்னும் பின்னும் திறந்திருக்கிறதால காத்து நேரா ஓடும். நிழலும் காத்தும். அந்த வண்டியில ரிப்பேர் ஆகுறதுக்கு ஒண்ணுமே இல்லை பாருங்க.

அப்புறம் ரயில் வந்தது. திருநெல்வேலியில் இருந்து கல்லிடைக்குறிச்சி வரை 1902-ல், செங்கோட்டை வரை 1903-ல், அங்கிருந்து மலையைக் குடைஞ்சு, பதிமூணு கண் பாலமெல்லாம் கட்டி, புனலூர் போய்ச் சேர்ந்தது 1904-ல். செங்கோட்டை அப்போ திருவிதாங்கூர் சீமை. 1956 நவம்பர் 1-ல்தான் நம்ம பக்கம் வந்துச்சு. (2010-ல் அகலப்பாதைக்காக மூடி, 2018-ல் திறந்தாங்க. தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில்.) நீராவி என்ஜினுக்குத் தண்ணி கொதிக்கணும். அதுக்கப்புறம் ரோட்டுக்கு வந்த மோட்டார் வண்டிக்கோ தண்ணி கொதிக்கவே கூடாது. அங்கேதான் நம்ம பிரச்சினை ஆரம்பம்.

நம்ம ஊர்ல ஒரு மெக்கானிக்கிட்ட 'ஹீட்டிங் பிராப்ளம்'னு சொன்னா, வண்டிக்குள்ள ஹீட்டர் வேலை செய்யலன்னு யாரும் நினைக்க மாட்டாங்க. என்ஜின் கொதிக்குதுன்னுதான் அர்த்தம். குளிர் நாட்டுக்காரனுக்கு ஹீட்டிங்கும் ஏசியும் ரெண்டு தனி வியாதி. நமக்கு ரெண்டும் ஒரே வியாதி. ஏன்னா, ஏசி குளிர்ச்சியைத் 'தயாரிக்கிறது' கிடையாது. உள்ளே இருக்கிற சூட்டைத் தூக்கி வெளியே கொண்டுபோய்க் கொட்டுது. கொட்டுற இடம் கண்டென்சர். அது இருக்கிறது ரேடியேட்டருக்கு நேர் முன்னால. அம்மா உக்காந்திருக்கிற இடத்துச் சூடெல்லாம் ஏற்கெனவே தவிச்சுக்கிட்டு இருக்கிற ரேடியேட்டர் மூஞ்சியிலதான் வீசப்படுது. அதனால, 'ஏசி போட்டா ஹீட் ஆகுது'ன்னு யாராவது சொன்னா ஏசியைத் திட்டாதீங்க. காத்து போற வழியைப் பாருங்க.

அண்ணாச்சி முன் கிரில்லைக் கழட்டினார். டார்ச் அடிச்சுக் காமிச்சார். கண்டென்சர் இடுக்கெல்லாம் பூச்சி, புழுதி, உமி, கம்பந்தட்டைத் தூள்! நம்ம தெற்கத்தி ரோட்டுல அறுப்பு சமயத்துல உளுந்தும் கம்பும் எள்ளும் ரோட்டுலயே பரப்பிப் போட்டிருப்பாங்க இல்லையா, வர்ற வண்டியெல்லாம் மிதிச்சு அடிச்சுக் கொடுக்கும்னு. அந்தக் களத்துத் தூசியில பாதி எங்க வண்டிக்குள்ளதான் இருந்துது. பின்பக்கத்துல இருந்து முன்பக்கமா, மெதுவான தண்ணியில கழுவினார். "வேகமா அடிச்சா தகடு மடிஞ்சிரும்"னார். கழுவ கழுவ பழுப்பாத் தண்ணி வந்துச்சு. ஒரு மணி நேரம். பாதி வியாதி அதுலயே போச்சு.

அடுத்தது தண்ணி. இதுக்குள்ள ஒரு பெரிய கதையே இருக்கு.

கார்ல் பென்ஸ் 1886-ல் பேட்டன்ட் வாங்கின மூணு சக்கர வண்டியில் ரேடியேட்டர்னு ஒண்ணு கிடையாது. என்ஜினைச் சுத்தித் தண்ணி, அது கொதிச்சு ஆவியாப் போகும், வழியில நிறுத்தி நிறுத்தி ஊத்தணும். அடுப்புல உலை வச்ச மாதிரிதான். இதை மாத்தினவர் வில்ஹெல்ம் மேபேக். 1901-ல் வந்த 35 குதிரைசக்தி மெர்சிடிஸ் வண்டிக்காக அவர் செஞ்ச தேன்கூடு ரேடியேட்டரில் 8,070 சின்னச் சின்னக் குழாய்கள். ஒவ்வொண்ணும் 6 மில்லிமீட்டர் சதுரம். அதுக்குள்ள காத்து, சுத்தி தண்ணி. பின்னால ஒரு ஃபேன். மொத்த வண்டிக்கும் 9 லிட்டர் தண்ணி போதும்னு ஆக்கிட்டார். இன்னைக்கும் பெட்ரோல், டீசல் வண்டியெல்லாம் அந்த யோசனையின் பேரப்பிள்ளைங்கதான்.

அதுக்கப்புறம் வந்த புத்திசாலித்தனம் பிரஷர் மூடி. ரேடியேட்டரை இறுக்கி மூடி உள்ளே அரை பார் அழுத்தம் கூட்டினா, தண்ணி 100 டிகிரியில கொதிக்காது, 111 வரைக்கும் தாங்கும். வீட்டு குக்கர் கணக்கு. மூடியோட ரப்பர் காஞ்சு வெடிச்சிருந்தா அந்த 11 டிகிரியும் காலி. எங்க வண்டி மூடியை அண்ணாச்சி விரலால அமுக்கிப் பாத்தார். வயசான நாய்க்குட்டி வால் மாதிரி தொங்குச்சு ஸ்பிரிங். புது மூடியோட விலை, அந்த மூணு வருசத்துல நான் கேஸுக்கு அழுத காசுல பத்துல ஒரு பங்கு கூட வராது.

இன்னொண்ணும் கண்டுபிடிச்சார். உள்ளே தெர்மோஸ்டாட் வால்வே இல்லை! யாரோ ஒரு புண்ணியவான் எப்பவோ கழட்டிப் போட்டிருக்கார். நம்ம நாட்டுல இது ஒரு தேசிய வைத்தியம். ஹீட் ஆகுதா, வால்வைக் கழட்டு. வேலை செய்யுற மாதிரி தெரியும். ஆனா என்ஜின் சூடேற நேரமாகும், டீசல் கூடக் குடிக்கும், சில வண்டியில தண்ணி போகவேண்டிய பாதையே மாறிப்போய் ரேடியேட்டரைச் சுத்தாமலே திரும்பி வரும். காய்ச்சல் வந்தா தெர்மாமீட்டரை உடைச்சுப் போடுற மாதிரின்னு எனக்குத் தோணும்.

அந்தக் கால டூரிஸ்ட் வேன்களுக்கு இந்தச் சூடு இன்னும் நெருக்கமான சொந்தம். 1958-ல் தொடங்கின பஜாஜ் டெம்போவின் மேட்டடாரை மறக்க முடியுமா? ஜெர்மானிய ஹனோமாக் வேனின் வழியில் வந்தது அது. (அந்தக் கம்பெனி 2005-ல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் ஆச்சு.) சென்னை வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் செஞ்ச ஸ்டாண்டர்ட் 20-ம் ஓடிச்சு. குற்றாலம் சீசன்னா இந்த வேனுங்க வரிசை கட்டி நிக்கும். இந்த மூக்கு இல்லாத வேன் வகையறாவில் என்ஜின் டிரைவர் பக்கத்துலயே, ஆளுங்களோட ஒரே வீட்டுக்குள்ள குடியிருக்கும். பேனட் மேல ஜமுக்காளம் விரிச்சு ஒரு ஆளையும் உக்கார வச்சிருப்பாங்க. சூடு உள்ளே இருக்கிறது அதோட குணம், குறை இல்லை. எங்க வண்டியும் அதே ஜாடைதான். அதனாலதான் என்ஜின் மூடியைச் சுத்தியிருக்கிற ரப்பர் பீடிங் கிழிஞ்சா, எந்த ஏசியாலும் ஒண்ணும் பண்ண முடியாது. எங்களுதுல கிழிஞ்சுதான் இருந்துது.

வெளிநாட்டு வேனா இருந்தா இன்னொரு உபாயம் உண்டு. என்ஜின் கொதிக்க ஆரம்பிச்சா உள்ளே ஹீட்டரை முழுசாப் போட்டுவிடுறது. ஹீட்டர்ங்கிறதே என்ஜின் தண்ணி ஓடுற குட்டி ரேடியேட்டர்தானே. என்ஜின் குளிரும், ஆளு வேகும். ஆரியங்காவு ஏத்தத்துல, வைகாசி வெயில்ல, ஹீட்டர் போட்டுக்கிட்டு வண்டி ஓட்டுறதை நினைச்சுப் பாருங்க. நம்ம வண்டியில ஹீட்டர் இல்லாததுல இது ஒரு லாபம்.

தண்ணியை வச்சு என்ஜினை மட்டுமில்லை, ஆளையும் குளிர வச்சாங்க. வெட்டிவேர்த் தட்டி நமக்குத் தெரியும். அக்பர் அரண்மனையில் அதைப் பயன்படுத்தினதை அபுல் ஃபசல் அயினி அக்பரியில் எழுதி வச்சிருக்கார். வெள்ளைக்காரங்க 19-ஆம் நூற்றாண்டுல அதோட ஒரு மரப்பெட்டியும் கையால சுத்துற விசிறியும் சேர்த்து 'தெர்மாண்டிடோட்'னு ஒரு யந்திரம் பண்ணினாங்க. இன்னைக்கு வீட்டுல இருக்கிற ஏர் கூலரோட தாத்தா. அமெரிக்காவில் 1940, 50-கள்ல கார் ஜன்னல்ல தண்ணி ஊத்தி மாட்டுற உருளைக் கூலரே வித்திருக்காங்க. வண்டி ஓட ஓட காத்து ஈரத்து வழியா உள்ளே வரும். எல்லாத்துக்கும் கணக்கு ஒண்ணுதான்: ஒரு லிட்டர் தண்ணி ஆவியாகணும்னா கிட்டத்தட்ட 580 கிலோ கலோரி சூட்டைப் பக்கத்துல இருந்து புடுங்கிக்கும். அம்மா ஜன்னல்ல ஈரத்துண்டு கட்டிவிடுறதும் அதே வித்தைதான். அன்னிக்கு கடையநல்லூர் வரைக்கும் அந்தத் துண்டு ஜம்முன்னு வேலை செஞ்சுது. தென்காசியை நெருங்க நெருங்க துண்டு காயவே இல்லை. சாரல் காத்துல ஏற்கெனவே ஈரம் நிறைஞ்சு கிடக்கு, துண்டுத் தண்ணி எங்கே போய் ஆவியாகும்? காத்தோட ஈரத்தை அளக்க அம்மாகிட்ட ஒரு கருவி இருந்திருக்கு, எனக்குத்தான் தெரியலை.

இனி அண்ணாச்சி விட்டுப்போன ஐஸ். 1833-ல் பாஸ்டன்ல இருந்து ஃபிரெடெரிக் டூடர் என்கிற வியாபாரி, ஏரியில உறைஞ்ச ஐஸை மரத்தூள்ல பொதிஞ்சு, 'டஸ்கனி' கப்பல்ல நாலு மாசம் கடல் தாண்டி கல்கத்தா அனுப்பினார். கிளம்பினது 180 டன், வந்து சேர்ந்தது சுமார் 100 டன். மெட்ராஸ்ல அந்த வியாபாரத்துக்காக 1842-ல் கட்டினதுதான் ஐஸ் ஹவுஸ். 1897-ல் விவேகானந்தர் தங்கின, இன்னைக்கு விவேகானந்தர் இல்லமா இருக்கிற அதே கட்டடம். இந்த ஐஸ்தான் நம்ம நாட்டுல ஓடுற வண்டிக்குள்ளயும் முதல்ல குளிர்ச்சி கொண்டு வந்துது. 1934-ல் பம்பாய் - பெஷாவர் ஃபிரான்டியர் மெயிலில் பெட்டிக்கு அடியில் ஐஸ் பாளங்களை அடுக்கி, அது மேல காத்தை ஓட்டி உள்ளே அனுப்பினாங்க. உருக உருக வழி ஸ்டேஷன்கள்ல புதுசா ஏத்துவாங்க. 'ஒன்றரை டன் ஏசி'ன்னு கடையில கேக்குறோமே, அந்த டன் ஏசியோட எடை இல்லை. ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்துல உருகினா எவ்வளவு சூட்டை வாங்குமோ, அந்த அளவு. ஐஸ் வியாபாரம் போச்சு, அதோட படிக்கல் மட்டும் இன்னும் நம்ம வீட்டுச் சுவத்துல தொங்குது.

இப்போ பெல்ட்டு. காருக்கு மெஷின் ஏசியை முதன்முதல்ல வித்தது அமெரிக்க பேக்கார்ட் கம்பெனி, 1939 கடைசியில் காட்டின 1940 மாடலில். தனியா 274 டாலர். அந்த ஏசியோட பாதி சாமான் டிக்கியை அடைச்சுக்கிச்சு. இன்னொரு கூத்து, கம்ப்ரசருக்கு கிளட்ச் கிடையாது. என்ஜின் ஓடினா அதுவும் ஓடும். குளிர்காலத்துல வேண்டாம்னா வண்டியை நிறுத்தி, பேனட்டைத் தூக்கி, பெல்ட்டைக் கையால கழட்டி வீட்டுல வச்சுட்டுப் போகணும். யாரும் பெரிசா வாங்கலை. 1941-ஓட கைவிட்டுட்டாங்க. எல்லாத்தையும் முன்பக்கத்துலயே அடக்கி, ஹீட்டரோட சேர்த்து ஒரே அமைப்பா கொடுத்தது 1954-ல் நாஷ் கம்பெனி. நம்ம ஊருக்கு இது வர இன்னும் ஒரு தலைமுறை ஆச்சு. கார் ஏசி செய்யுற சுப்ரோஸ் கம்பெனியே 1985-ல்தான் தொடங்குது. அதுவரைக்கும், அதுக்கப்புறமும் ரொம்ப நாள், டேஷ்போர்டுக்கு அடியில தொங்குற பெட்டியா வெளியே கொடுத்து மாட்டிக்கிறதுதான் வழக்கம், எங்க வண்டி மாதிரி.

எங்க பெல்ட்டை அண்ணாச்சி கட்டை விரலால அழுத்தினார். ஒரு இஞ்சுக்கு மேல உள்ளே போச்சு. ஃபேனும் வழுக்குது, கம்ப்ரசரும் வழுக்குது. இறுக்கினார். ஏசி கொஞ்சம் உயிர் பெத்துது. கொஞ்சம்தான்.

"இப்பப் பாப்பம் கேஸை"ன்னு சோப்பு நுரை கரைச்சு எடுத்தார். ஒவ்வொரு ஜாயின்ட்லயும் பிரஷ்ஷால தடவினார். கம்ப்ரசர் பக்கத்துல ஒரு ஹோஸ் ஜாயின்ட்டைச் சுத்தி எண்ணெய்ப் பிசுக்கு. நுரை வச்சதும் குமிழ் மெதுவா, ரொம்ப மெதுவா ஊதி வெடிச்சுது. கம்ப்ரசர் தண்டு சீலும் வறண்டு கசிவு. "ஐப்பசியில இருந்து பங்குனி வரை ஏசியே போட மாட்டீகளோ?"ன்னார். ஆமாம்னேன். கேஸோட கூடவே ஓடுற எண்ணெய்தான் அந்த சீலை ஈரமா வச்சிருக்குமாம். மாசக்கணக்கா ஓட்டாட்டி காஞ்சிரும். வாரம் பத்து நிமிசம் மழைக்காலத்துலயும் போட்டு விடணும். இதை மூணு வருசமா கேஸ் ஏத்தின கடையில ஒருத்தரும் சொல்லலை. ஏன் சொல்லப்போறாங்க? ஓட்டை இருக்கிற வரைக்கும்தானே சித்திரைக்குச் சித்திரை நான் போவேன்!

என் காசு போனது கூடப் பரவாயில்லை. அந்த கேஸ் எங்கே போச்சு என்பதுதான் அப்புறம் என்னைத் தூங்க விடலை. பழைய வண்டி ஏசியில் இருந்தது ஆர்-12. அதுக்கு முன்னால குளிர்பதனத்துக்கு அம்மோனியா, கந்தக டை ஆக்ஸைடுன்னு கசிஞ்சா ஆளைக் கொல்ற சரக்கெல்லாம் ஓடிச்சு. 1928-ல் தாமஸ் மிட்ஜ்லியும் அவரோட கூட்டாளிகளும் எரியாத, நாறாத, விஷமில்லாத ஒண்ணைக் கண்டுபிடிச்சாங்க. உலகமே கொண்டாடிச்சு. (இதே மிட்ஜ்லிதான் 1921-ல் பெட்ரோல்ல ஈயம் கலக்குற யோசனையையும் கொடுத்த மகராசன். ஒரே ஆளு, ரெண்டு சாதனை!) 1974-ல் மொலினாவும் ரோலண்டும், இந்த கேஸ் கீழே ஒண்ணும் பண்ணாது, மேலே போய் ஓசோனைத் தின்னும்னு எழுதினாங்க. 1985-ல் அண்டார்ட்டிகா மேல ஓட்டையைப் பாத்துட்டாங்க. 1987 செப்டம்பர் 16-ல் மான்ட்ரியால் ஒப்பந்தம். இந்தியா 1992-ல் சேர்ந்துது. 2010-ஓட இந்த வகை கேஸுக்கு முடிவு கட்டியாச்சு.

ஆர்-12 வானத்துல போனா சுமார் நூறு வருசம் இருக்குமாம். 2002, 2003, 2004-ல் நான் காசு கொடுத்து ஏத்தி, அந்த ஜாயின்ட் வழியா விட்ட கேஸ்ல பெரும்பகுதி இன்னமும் மேலேதான் சுத்திக்கிட்டு இருக்கு. அம்மா 2016-ல் போயிட்டா. வண்டியும் இப்போ ஓடுறதில்லை. அந்த கேஸ் என் பேரன் காலத்துலயும் இருக்கும்.

2005-ல் அண்ணாச்சியே ஆர்-134ஏ-க்கு மாத்திக் கொடுத்தார். சும்மா கேஸை மட்டும் மாத்திட்டா ஆகாது. பழைய எண்ணெயை வடிச்சுட்டு வேற எண்ணெய், ஓ-ரிங் எல்லாம் புதுசு, ரிசீவர் டிரையர் புதுசு, சூட்டைத் தள்ள கொஞ்சம் பெரிய கண்டென்சர். கேஸோட எடையும் பழைய அளவுல கொஞ்சம் குறைச்சுத்தான் ஏத்தணும். 'முன்ன மாதிரி சில்லுன்னு இல்லையே'ன்னு தோணிச்சு, உண்மையும்தான். ஓசோனுக்கு அது தீங்கில்லை. ஆனா பூமியைச் சூடாக்குறதுல கரியமில வாயுவை விட ஆயிரத்துச் சொச்சம் மடங்கு கெட்டது. அதையும் குறைக்கணும்னு 2016-ல் கிகாலியில் ஒத்துக்கிட்டாங்க. வரிசை இன்னும் முடியலை போல.

அந்த 2005 சீசன். மதுரையில் இருந்து தென்காசி வரைக்கும் ஏசி ஓடிச்சு, முள் நடுவுலயே நின்னுது. அம்மா கட்டில்ல உக்காந்து தினத்தந்தி படிச்சுக்கிட்டே வந்தா. ஆனா குற்றாலத்துக்குள்ள நுழைஞ்சதும் அவ கால் பக்கம் சொட்டுச் சொட்டாத் தண்ணி! மறுபடியும் வண்டி புட்டுக்கிச்சுடான்னு தலையில கைய வச்சேன். அது ரிப்பேர் இல்லை. சாரல் காத்துல இருக்கிற ஈரமெல்லாம் ஏசியோட குளிர்ந்த தகடுல பட்டு தண்ணியா மாறி, வெளியே போற குழாய் தூசியில அடைச்சதால உள்ளே வழிஞ்சிருக்கு. ஒரு கம்பியை விட்டுக் குத்தினதும் குபுக்குன்னு ஒரு சொம்புத் தண்ணி ரோட்டுல கொட்டிச்சு.

அம்மா எட்டிப் பாத்தா. "குற்றாலத்துல வந்து நம்ம வண்டிக்கும் ஒரு அருவியாலே?"ன்னுட்டு, "அந்தச் சனியனை அணைச்சுட்டு ஜன்னலைத் தொற"ன்னா. தொறந்தேன்.

கொசுறு: குழாயைக் குத்துறதுக்குக் கூரான கம்பி வேண்டாம், ரப்பர் கிழிஞ்சிரும். பழைய சைக்கிள் பிரேக் கேபிள் துண்டு ஒண்ணை வண்டியிலயே போட்டு வையுங்க.